கர்ப்பப்பைக் கட்டியைச் சாப்பாட்டால் கரைக்க முடியுமா?

"எனக்கு 38 வயது. இரண்டு பிள்ளைகள். கர்ப்பப்பையில் 4 செ.மீ. அளவில் ஒன்று, 2.5 செ.மீ. அளவில் ஒன்று என்று இரண்டு ஃபைப்ராய்டு கட்டிகள் இருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. மாதவிலக்கு எட்டு நாள் வரை போகிறது. ஹீமோகுளோபின் 8.9. பிள்ளை பெற்றாயிற்றே, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் இல்லாமல் உணவு, உடற்பயிற்சி, கை வைத்தியத்தால் கரைக்க முடியுமா? எதைச் சாப்பிடலாம், எதை விடவேண்டும்? என் மகளுக்கும் இது வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சகோதரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். இருக்கிற கட்டியைக் கரைக்கும் உணவு என்று ஒன்று இல்லை. ஆனால் நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த 4 செ.மீ. இல்லை, 12 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.9 என்று நிற்கிறதே, அந்த எண்தான். கட்டியை எப்படிக் கரைப்பது என்று யோசிக்கிற நேரத்தில் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. மகளிர் நலப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்துவிட்டேன். ஃபைப்ராய்டு உள்ள பெண்கள் தங்கள் வாழ்க்கை முறையால் சாதிக்கக்கூடிய மிகப் பெரிய விஷயம், கட்டி இருந்தும் உடம்பில் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான். அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் இந்தக் கட்டி என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையில் ஒரு செல் தன்போக்கில் பெருகி, சுற்றி நாரும் சேர்ந்து உருண்டையாகிவிடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் கெட்டியான ரப்பர் பந்து மாதிரி இருக்கும். அது உறைந்த ரத்தமும் இல்லை, கொழுப்பும் இல்லை, வெளியேறாமல் தங்கிய அழுக்கும் இல்லை. அதனால் "கரைப்பது" என்ற சொல்லே நம்மைத் தவறான வழியில் கூட்டிப்போகிறது. கட்டி கரையாது. ஆனால் சுருங்கும். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும்தான் அதற்குத் தீனி. மாதவிலக்கு நின்று அந்த ஹார்மோன்கள் குறைந்ததும் பெரும்பாலான கட்டிகள் தாமாகவே சுருங்க ஆரம்பிக்கும். நம் நாட்டில் மாதவிலக்கு நிற்பது சராசரியாக 46, 47 வயதில். உங்களுக்கு இன்னும் எட்டு, ஒன்பது வருடம் இருக்கிறது. அந்த வருடங்களை எப்படிக் கடப்பது என்பதுதான் உண்மையான கேள்வி.

கேன்சரோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்தால் அதையும் இறக்கி வைத்துவிடுங்கள். கர்ப்பப்பைத் தசையில் வரும் புற்றுநோய் மிக அரிது. சாதாரண நார்க்கட்டி மெல்ல மெல்ல அதுவாக மாறுவதில்லை, அது தனியாகவே தோன்றுகிறது என்பதுதான் மருத்துவத்தில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. ஃபைப்ராய்டு எவ்வளவு சகஜம் தெரியுமா? அமெரிக்காவில் வாஷிங்டன் நகரப் பெண்களை ஸ்கேன் செய்து பார்த்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் 70 சதவீதத்துக்கு நெருக்கமானவர்களுக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கும் கட்டி வந்திருக்கும் என்று அது கணக்கிட்டது. அவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்கள் வயிற்றில் கட்டி இருப்பதே தெரியாது. தொந்தரவு தராத கட்டிக்கு வைத்தியம் எதுவும் வேண்டியதில்லை.

அடுத்து, எத்தனை செ.மீ. என்பதைவிட எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் பூச்சு, நடுவில் செங்கல், வெளிப்பக்கம். மாதாமாதம் ரத்தமாக உரிந்து வருவது உள்பூச்சு. அந்தப் பூச்சுக்கு அடியில் புடைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றரை செ.மீ. கட்டி ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளிவிடும். வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும் ஏழு செ.மீ. கட்டி ஒரு சொட்டு ரத்தம்கூட அதிகம் போக விடாமல் சும்மா இருக்கும். அது செய்வதெல்லாம் சிறுநீர்ப்பையை அழுத்துவது, இல்லாவிட்டால் மலக்குடலை அழுத்தி மலச்சிக்கலைக் கொடுப்பது. உங்கள் ரிப்போர்ட்டில் சப்மியூகோசல், இன்ட்ராமியூரல், சப்சீரோசல் என்று மூன்றில் ஒரு சொல் பெரும்பாலும் இருக்கும். முறையே உள்பூச்சுக்கு அடியில், சுவருக்குள், வெளிப்பக்கம் என்று அர்த்தம். எழுதும்போது அளவை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ரிப்போர்ட்டை எடுத்து அந்தச் சொல்லைப் பாருங்கள். முதல் வகை என்றால், நான் கீழே சொல்லப் போகும் எதுவும் தனியாகப் போதாது. கருப்பைக்குள் கேமரா விட்டு, வயிற்றில் கீறல் இல்லாமலேயே அந்தக் கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும்.

"வளர்ந்துகொண்டே போகுமே" என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 72 பெண்களின் 262 கட்டிகளை எம்.ஆர்.ஐ. மூலம் தொடர்ந்து அளந்து 2008-ல் ஒரு நல்ல ஆய்வு வந்தது. ஆறு மாதத்தில் கட்டியின் கனஅளவு கூடியது, நடுமதிப்பாகப் பார்த்தால் 9 சதவீதம். கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் உருண்டையின் கனஅளவு 9 சதவீதம் கூடினால் அதன் குறுக்களவு சுமார் 3 சதவீதம்தான் கூடும். 4 செ.மீ. கட்டி 4.1 செ.மீ. ஆகும், அவ்வளவுதான். வேறு இடத்தில், வேறு ஆள் ஸ்கேன் எடுத்தாலே அதைவிடப் பெரிய வித்தியாசம் வரும். அதனால் எப்போதும் ஒரே ஸ்கேன் சென்டரில் எடுங்கள். மாதவிலக்கு முடிந்த சில நாட்களுக்குள் எடுத்தால் உள்பூச்சு மெல்லியதாக இருந்து கட்டி தெளிவாகத் தெரியும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எந்த வைத்தியமும் இல்லாமலேயே நூற்றில் ஏழு கட்டிகள் 20 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தன. ஒரே பெண்ணின் வயிற்றிலேயே ஒரு கட்டி வளர, பக்கத்துக் கட்டி சுருங்கியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் கஷாயம் குடித்தேன், கட்டி கரைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. அவர் கட்டி சுருங்கியிருக்கலாம். கஷாயம் குடிக்காமல் இருந்திருந்தாலும் சுருங்கியிருக்கலாம். குடித்தும் சுருங்காத பலர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சரி, ரத்தத்துக்கு வருவோம்.

சாதாரண மாதவிலக்கில் 30, 40 மில்லி ரத்தம் போகும். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று கணக்கு. ஒரு மில்லி ரத்தத்தோடு சுமார் அரை மில்லிகிராம் இரும்புச்சத்து போகிறது. ஒரு மாதத்தில் 150 மில்லி போகிறது என்று வையுங்கள். ஃபைப்ராய்டு உள்ளவர்களுக்கு இது பெரிய அளவே இல்லை. அதோடு 75 மில்லிகிராம் இரும்பு போய்விடும். நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சுவது ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம். மாதத்துக்கு 30 முதல் 60. மாதவிலக்கு இல்லாவிட்டாலும் தோல், குடல் வழியாகத் தினமும் கொஞ்சம் இழப்பது வேறு. வரவைவிடச் செலவு அதிகம். குடும்பக் கணக்கு மாதிரிதான். ஒவ்வொரு மாதமும் சேமிப்பில் கை வைத்து, அதுவும் தீர்ந்த பிறகு ஹீமோகுளோபின் இறங்க ஆரம்பிக்கும். 8.9 என்றால் உங்கள் சேமிப்பு எப்போதோ காலி.

முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், நாட்டு வெல்லம், பீட்ரூட் என்று ஊரே சொல்லும். கீரை சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் செடியிலிருந்து வரும் இரும்பைக் குடல் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். பேரீச்சம்பழத்தை நம்பி 8.9-ஐ 12-க்குக் கொண்டுவர முடியாது. வெல்லத்தில் இரும்பைவிடச் சர்க்கரைதான் அதிகம். பீட்ரூட்டுக்கு நிறம் மட்டுமே ரத்தத்தோடு ஒப்பு. அசைவம் சாப்பிடுபவர் என்றால் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் உண்மையிலேயே இரும்பு நிறைந்தவை, அந்த இரும்பு நன்றாகவும் சேரும். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்த பாட்டிமார் தெரிந்துதான் செய்தார்கள். வாரம் ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். (கர்ப்பமாக இருப்பவர்களுக்கு மட்டும் ஈரல் வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறிவிடும்.) இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வில் மாட்டிறைச்சி, பதப்படுத்திய பன்றி இறைச்சி அதிகம் சாப்பிட்ட பெண்களிடம் ஃபைப்ராய்டு அதிகமாகக் காணப்பட்டது. இதைப் படித்துவிட்டுக் கறியே தொடாமல் இருக்கும் ரத்தசோகைப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். 8.9-ல் இருக்கும் உங்களுக்கு அந்தக் கவலை இப்போது தேவையில்லை என்பது என் கருத்து.

உங்களுக்கு மாத்திரை வேண்டும். இதில் தயக்கமே வேண்டாம். அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையே போதும், விலை உயர்ந்தது என்று தேட வேண்டாம். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். அதை எப்படிச் சாப்பிடுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்குள் காபி, டீ கூடாது. அவற்றில் இருப்பவை இரும்பு சேர்வதைப் பாதிக்கும் மேல் தடுத்துவிடும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கையோடு டிகிரி காபி குடித்தால் மாத்திரை வீண். பால், கால்சியம் மாத்திரை இரண்டுக்கும் இதே இடைவெளி. பதிலாக ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு, பெரிய நெல்லிக்காய், ஒரு கொய்யா, ஏதாவது ஒன்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். வயிற்றைப் புரட்டினால் நிறுத்திவிடாதீர்கள். இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் மாத்திரைக்கு மாத்திரை அதிகம் சேர்கிறது என்று 2017-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஆய்வு காட்டியது. புரட்டலும் குறையும். டாக்டரிடம் சொல்லி அப்படி மாற்றிக்கொள்ளலாம். மலம் கறுப்பாகப் போவது சகஜம், பயப்பட வேண்டாம். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர், வாழைத்தண்டு, அவரை, கொத்தவரை, கொய்யா என்று நார்ச்சத்தைக் கூட்டுங்கள்.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று அல்லது இரண்டு புள்ளி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாமா என்று கேளுங்கள். 12 வந்துவிட்டது என்று அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காலியான சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் தேவைப்படும். அதன் அளவைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. இதோடு தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் உதிரப்போக்கு கூடும், பழியெல்லாம் கட்டி மேல் விழும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல்! மூச்சு வாங்குவதையும், மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடப்பதையும் "வயசாகுதில்ல" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். 38 வயது அதற்கான வயசே இல்லை.

இனி கட்டிக்கும் வாழ்க்கை முறைக்கும் உள்ள தொடர்பு. இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். "இப்படி வாழ்ந்த பெண்களுக்குக் கட்டி வருவது குறைவாக இருந்தது" என்பது வேறு. "இப்படி மாறினால் வந்த கட்டி சுருங்கும்" என்பது வேறு. நாம் படிக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் வகை.

உடல் எடையை எடுத்துக்கொள்ளுங்கள். 1986-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடை 10 கிலோ கூடினால் ஃபைப்ராய்டு வரும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம் கூடியது. காரணம் புரிகிற மாதிரிதான் இருக்கிறது. கொழுப்பு வெறுமனே இடுப்பில் உட்கார்ந்திருப்பதில்லை, அது தானும் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும். அதற்காகப் பத்து கிலோ குறைத்தால் 4 செ.மீ. 3 ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன், அப்படிக் காட்டிய ஆதாரம் இல்லை. ஆனாலும் எடை கூடுதலாக இருந்தால் குறையுங்கள். புதிய கட்டி வரும் வாய்ப்பு குறையலாம், சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருக்கும், நாளைக்கு ஒருவேளை ஆபரேஷன் தேவைப்பட்டாலும் ஆபத்து குறையும். மூன்று வேளையும் தட்டை நிறைத்து நிற்கும் சோறு, இட்லி, தோசையில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பொரியல், கூட்டு, சுண்டல், முட்டை, மீன் என்று வைத்தாலே போதும். பட்டினி கிடக்காதீர்கள். ரத்தம் இல்லாத உடம்பைப் பட்டினி போட்டால் அது இன்னும் துவண்டுவிடும்.

நடைப்பயிற்சி வாரத்தில் 150 நிமிடம். அதிகம் உடலுழைப்பு உள்ள பெண்களுக்கு ஃபைப்ராய்டு குறைவு என்று ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டு வேலையே பெரிய உடற்பயிற்சிதானே என்று கேட்பீர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூச்சு சற்று வேகமாகும்படி தொடர்ந்து முப்பது நிமிடம் என்பது வேறு. ஹீமோகுளோபின் 10 தாண்டும் வரை மெதுவாக, பத்து பத்து நிமிடமாக நடங்கள். அதிகம் போகும் நாட்களில் ஓய்வெடுங்கள். அடிவயிற்று வலிக்கு வெந்நீர்ப் பை நல்ல வைத்தியம், தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

பலரும் யோசிக்காத ஒன்று ரத்த அழுத்தம். அமெரிக்கச் செவிலியர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 2005-ல் வெளியான ஆய்வில், பிரஷரின் கீழ் எண் 10 கூடும்போது ஃபைப்ராய்டு வரும் வாய்ப்பு 8 முதல் 10 சதவீதம் கூடியது. அடுத்தமுறை மருத்துவமனைக்குப் போகும்போது பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பாக்கெட் நொறுக்குகளில் கை வைக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வைட்டமின் டி பற்றி எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. 2013-ல் வந்த அமெரிக்க ஆய்வில், ரத்தத்தில் இந்த வைட்டமின் போதுமான அளவு, அதாவது 20 நானோகிராமுக்கு மேல் இருந்த பெண்களுக்குக் கட்டி இருக்கும் வாய்ப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. சுட்டெரிக்கும் வெயில் நாட்டில் இருந்துகொண்டு நமக்கா குறையும் என்று நினைக்க வேண்டாம். காலையில் சமையலறை, பகல் முழுக்க ஆபீஸ், இருட்டிய பிறகு வீடு என்று ஓடும் பெண்கள் மேல் வெயில் எங்கே படுகிறது? அதோடு நம் கறுப்புத் தோலுக்கு அதே அளவு வைட்டமின் செய்யக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். இளங்காலை வெயில் இதற்கு உதவாது, பத்து மணிக்கு மேல் வரும் வெயில்தான் வேண்டும். மாடியில் துணி காயப்போடும் வேலையைப் பதினொரு மணிக்கு மாற்றிக்கொண்டால்கூட நல்லது. ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தால் டாக்டர் தரும் மருந்தை அவர் சொன்ன வாரங்கள் மட்டும் சாப்பிடுங்கள். நீங்களாக மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும்.

உணவில் ஆய்வுகள் நல்லபடியாகக் காட்டுவது காய்கறி, கீரை, பழம், மீன். பழங்களில் குறிப்பாக ஆரஞ்சு, சாத்துக்குடி வகை. பாலை நிறுத்தச் சொல்லி வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் பாலும் பால் பொருட்களும் அதிகம் எடுத்தவர்களுக்குக் கட்டி குறைவாகவே இருந்தது. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் கட்டி வருகிறது என்ற பேச்சும் அப்படித்தான். அந்தக் கோழி வேகமாக வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்குத் தினமும் ஊசி போடுவது நடக்கிற காரியமும் இல்லை. எண்ணெயில் பொரித்ததைக் குறையுங்கள், கோழிக்குப் பயப்பட வேண்டாம். மீல் மேக்கர், எள், ஆளி விதை, உளுந்தங்களி எல்லாம் உணவு அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். பீர் குடிப்பதற்கும் கட்டிக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. முடியை நேராக்கும் ரசாயனங்களுக்கும் அப்படியே, அதை அடிக்கடி செய்பவர் என்றால் விட்டுவிடுவது நல்லது.

கிரீன் டீ பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையிலேயே கட்டியைச் சுருக்கியதாக ஆய்வு உள்ள சிலவற்றில் அதுவும் ஒன்று. எகிப்தில் 2013-ல் வெளியான அந்த ஆய்வில் பெண்களுக்கு நான்கு மாதம் தினமும் 800 மில்லிகிராம் கிரீன் டீ சாறு மாத்திரையாகக் கொடுத்தார்கள். கட்டியின் கனஅளவு சராசரியாக 32 சதவீதம் குறைந்தது. உதிரப்போக்கும் குறைந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஆய்வை முடித்தவர்கள் 33 பேர் மட்டுமே. கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 4 செ.மீ. கட்டி 3.5 செ.மீ. ஆகும். மேலும் அவர்கள் எடுத்தது கடையில் விற்கும் டீ இல்லை, அடர்த்தியான சாறு. அதை அளவு மீறி எடுத்தவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்திருக்கிறது. கிரீன் டீயும் டீதான், இரும்பைத் தடுக்கும். உங்கள் நிலையில் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கப், அதற்கு மேல் வேண்டாம்.

கை வைத்தியத்துக்கு வருகிறேன். கழற்சிக்காய்ப் பொடி, மலைவேம்புச் சாறு, அசோகப்பட்டைக் கஷாயம் என்று மூன்றும் உங்கள் காதுக்கு ஏற்கெனவே வந்திருக்கும். நார்க்கட்டியை இவை சுருக்குகின்றன என்பதற்கு நம்பத்தக்க மனித ஆய்வு இல்லை. மலைவேம்பு இனத்து மரங்களில் நச்சுப்பொருள்கள் உண்டு, வெறும் வயிற்றில் அரைத்துக் குடிக்கும் விளையாட்டு வேண்டாம். வாழைப்பூ உசிலி, வாழைப்பூ வடை என்று சமையலில் வருவதைச் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். சித்த மருத்துவம் பார்க்க விருப்பம் என்றால் முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவரிடம் போங்கள், இரும்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள், மாதாமாதம் ஹீமோகுளோபின் பாருங்கள். நான் பயப்படுவது மூலிகையைப் பார்த்து இல்லை, காத்திருப்பைப் பார்த்துத்தான். "இன்னும் ஒரு மண்டலம் குடித்தால் சரியாகிவிடும்" என்று காத்திருந்து, ஹீமோகுளோபின் 5-க்கும் கீழே போய், முகம் வெளுத்து, கால் வீங்கி, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வந்த பெண்களுக்கு ரத்தம் ஏற்றியிருக்கிறேன்.

வாழ்க்கை முறைக்கும் கர்ப்பப்பையை எடுப்பதற்கும் நடுவில் எவ்வளவோ இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். அதிகம் போகும் மூன்று, நான்கு நாட்களுக்கு மட்டும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை எடுத்தால் போக்கு ஏறக்குறைய பாதி வரை குறையும் (ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆகாது). காப்பர்-டி போலவே உள்ளே வைக்கும் ஹார்மோன் காயில் ஒன்று இருக்கிறது. கட்டி கர்ப்பப்பையின் உள்வடிவத்தைக் கெடுக்காமல் இருந்தால் அது வருடக்கணக்கில் உதிரப்போக்கை மிகவும் குறைக்கும். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கும் முறை பாரிஸில் 1990-களிலேயே தொடங்கி இப்போது நம் பெரிய நகரங்களிலும் செய்யப்படுகிறது. கட்டியை மட்டும் எடுப்பது இருக்கவே இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி "எனக்கு இது ஏன் ஒத்துவராது?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பதில் திருப்தி இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். நம் நாட்டில் தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றுவது எவ்வளவு பெரிய பிரச்சினை என்றால், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, அதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்தும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

"பிள்ளை பெற்றாயிற்றே" என்பது ஓர் உறுப்பை எடுப்பதற்கான காரணம் இல்லை. அதே சமயம், இரும்பும் மருந்தும் காயிலும் பார்த்து, அதற்குப் பிறகும் மாதாமாதம் துவண்டு விழுகிறீர்கள் என்றால் ஆபரேஷன் நல்ல வைத்தியம்தான். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம், "ஒழுங்காக நடந்திருந்தால், ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால்" என்று உங்களை நீங்களே கடிந்துகொள்ளவும் வேண்டாம். அப்படி எடுக்க நேர்ந்தால் சினைப்பைகளை விட்டுவைக்க முடியுமா என்று முன்பே பேசிவிடுங்கள். 38 வயதில் அவை உங்கள் எலும்புக்கும் இதயத்துக்கும் தேவை.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து அது தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால், தலைசுற்றி மயக்கம் வந்தால், சிறுநீர் அடைத்துக்கொண்டால், காய்ச்சலோடு கடும் வயிற்று வலி வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, நின்ற பிறகும் கட்டி வளர்ந்தாலோ அதைக் கட்டியின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே பரிசோதிக்க வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இது. சமையலறை நாள்காட்டியில் மாதவிலக்கு நாட்களைக் குறித்து, ஒவ்வொரு நாளும் எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், கோலிக்குண்டை விடப் பெரிய ரத்தக்கட்டிகளாகப் போனதா என்று எழுதுங்கள். மூன்று மாதம் எழுதிய அந்தத் தாள் உங்கள் டாக்டருக்கு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின், ஆறு மாதத்தில் ஸ்கேன். நடுவில் மாதாமாதம் ஸ்கேன் எடுத்து மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ ஃபைப்ராய்டு இருந்தால் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல் கூடும். வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. மேலே நான் சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை கட்டி வருவதைப் பற்றியவை என்றேன் அல்லவா? அதனால் எடை, நடை, வெயில், பழம், காய்கறி எல்லாவற்றிலிருந்தும் உங்களைவிட அதிகப் பலன் கிடைக்கப் போவது அவளுக்குத்தான். நீங்கள் மாலையில் நடக்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடாமல் சாப்பிடுகிறாளா என்று விசாரியுங்கள். அப்புறம், மாதவிலக்கு ஏழு நாளைத் தாண்டினாலோ, இரவில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ அதை வெட்கப்படாமல் உங்களிடம் வந்து சொல்லலாம் என்று இன்றைக்கே அவளிடம் சொல்லிவையுங்கள்.